சாவுக்குத் திறந்த கேட்

சண்முகத்தாய் என்ற ஏலத்தோட்டத் தொழிலாளியின் சாவுக்கு நான் காரணம். காலராவில் இறந்தாள் என்று ஆபீஸுக்கு அறிக்கை போனது. அந்த அறிக்கையை எழுதியவனும் நான்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் காலரா இருந்த இடத்துக்கு அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்பதை நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். சுகாதாரத் துறையில் புதிதாகச் சேர்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். என்னைப் போலவே அவர்களும் ஒருநாள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, யார் போகலாம், யார் போகக் கூடாது என்று திட்டம் எழுத வேண்டிவரும்.

தாலூக் ஆபீஸ் மேஜை

நான் முதலமடைக்காரன். மாந்தோப்பும் கடலைக்காடும் உள்ள குடும்பம். பாலக்காட்டில் பி.எஸ்ஸி. முடித்து, சானிட்டரி இன்ஸ்பெக்டர் கோர்ஸும் படித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலையில், சாந்தன்பாறைப் பக்கம் ஹெல்த் இன்ஸ்பெக்டராக வேலைக்குப் போனேன். இங்கிலீஷில் டிராஃப்ட் எழுத வரும் என்பதால், எந்தத் திட்டம் வந்தாலும் எழுதுகிற வேலை என் தலையில் விழும். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

சில வருடங்கள் கழித்து ஒரு கோடையில், மலைக்குக் கீழே தமிழ்நாட்டுப் பக்கம் சில கிராமங்களில் காலரா என்று செய்தி வந்தது. எங்கள் தோட்டத் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சொந்த ஊர் கீழேதான். சந்தைக்கும் கோயில் கொடைக்கும் போடிமெட்டு வழியாக இறங்குவதும் ஏறுவதுமாக இருப்பார்கள். மேலிருந்து உத்தரவு வந்தது: எல்லை கேட்டை மூட வேண்டும், யாரை விடலாம் என்பதற்குத் திட்டம் வேண்டும். தாசில்தார் கூட்டம் போட்டார்.

பாம்புக்கடி, விபத்து, பிரசவத்தில் சிக்கல் என்று மூன்று காரணங்கள் சுலபமாக ஒப்புக்கொள்ளப்பட்டன. நாலாவதை ஒரு தோட்ட மேனேஜர் சொன்னார்.

"சாவையும் சேத்துக்கோங்க சார். அதுக்கு விடலேன்னா இவங்க காட்டு வழியா இறங்கிடுவாங்க. உங்க போலீஸ் அங்கே நின்னு கொட்டாவி விட வேண்டியதுதான்."

அது நியாயமாகப் பட்டது. சாவு வீட்டில் தண்ணீரும் சாப்பாடும் பொது என்பதால் நானே ஒரு ரூல் சேர்த்தேன். சாவுக்குப் போய்த் திரும்புகிறவர்களை, கேட்டுக்கு அருகே காலியாகக் கிடந்த, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஐந்து நாள் தனியே தங்க வைக்க வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அப்போது டாக்டர் லீலாம்மா பேசினார். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மெடிக்கல் ஆபீசர் அவர். கோட்டயத்துக்காரர். தோட்டத்துப் பெண்களோடு பழகிப் பழகி ஒருவிதமான தமிழ் பேசுவார்.

"கர்பச்சித்ரத்துக்குப் போகிறவங்களையும் சேர்க்கணும்."

கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. எங்கள் நிலையத்தில் அதற்கு வசதி கிடையாது. லீலாம்மா சீட்டு எழுதிக் கொடுத்து, கீழே ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். அது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

"இதுக்கும் பாஸா டாக்டர்? அடுத்தாப்பல சினிமாவுக்குக் கேப்பாங்க" என்று மேனேஜர் சிரித்தார்.

தாசில்தார் சிரிக்கவில்லை. "சட்டம் உண்டு, சரி. ஆனா ஒரு ஜீவனை இல்லாம ஆக்குற காரியத்துக்கு சர்க்கார் பாஸ் கொடுத்துன்னு பேப்பரில் வந்தா யாரு பதில் சொல்லும்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இன்ஸ்பெக்டர் எந்து பறயுன்னு?"

நான் சொன்னேன்: "அது அவசரம் இல்லீங்க சார். பாம்பு கடிச்சா அன்னிக்கே போகோணும். இதுக்கு கேட் திறந்த பின்னால போனாலும் ஆகுமுங்க."

"ஆகாது" என்றார் லீலாம்மா. "பன்னிரண்டு வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் போதும். அது தாண்டினா ரெண்டு டாக்டர் ஒப்புக்கொள்ளணும். இந்தக் காலரா சமயத்தில் ரெண்டாவது டாக்டரை எங்கே போய்த் தேடும்? ஆபத்தும் கூடும். அவசரம் எதுன்னு தீர்மானிக்கிறது டாக்டராக்கும், இன்ஸ்பெக்டர் அல்ல."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுட்டது. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. என் மனைவிக்கு இரண்டு முறை கர்ப்பம் தங்காமல் போயிருந்தது. பிள்ளை வேண்டாம் என்று சீட்டு வாங்கிக்கொண்டு ஜீப் ஏறும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கோபம் வரும். அந்தக் கோபத்தைத்தான் நான் 'அவசரம் இல்லை' என்று ஆபீஸ் பாஷையில் சொன்னேன். ஹெல்த் இன்ஸ்பெக்டரே சொல்லிவிட்டார் என்று தாசில்தார் அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

கேட்டில்

மூடிய முதல் வாரம் நானே கேட்டில் இருந்தேன். கூட ஸ்ரீதரன் என்ற போலீஸ்காரர். ரோட்டின் குறுக்கே ஒரு மூங்கில் தடி, பக்கத்தில் ஒரு பெஞ்ச். வருகிறவர்கள் வரிசையில் நின்று காரணம் சொல்ல வேண்டும்.

சண்முகத்தாய் அப்படித்தான் வந்து நின்றாள். முப்பது வயதுக்கு உள்ளே இருக்கும். நாலு பிள்ளைகள். கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல், லீலாம்மா பெரும்பாடுபட்டுப் பிழைக்க வைத்தது எனக்கே தெரியும்.

"எங்கம்மா போறே?"

"ஆஸ்பத்திரிக்கு சார்."

"என்ன சீக்கு?"

பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். அவள் சீட்டை நீட்டினாள். லீலாம்மாவின் கையெழுத்து. படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"இதுக்கு இப்ப விட முடியாதும்மா. கேட் திறக்கட்டும்."

"எப்ப திறப்பீக?"

"ரெண்டு மூணு வாரம் ஆகும்."

"அதுக்குள்ள நாள் தாண்டிரும்னு டாக்டரம்மா சொன்னாகளே. இந்தத் தடவ நான் பொழைக்க மாட்டேன்னு சொல்லிட்டாக சார்."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எல்லோர் காதிலும் விழும்படி, "பிள்ளை இல்லாம எத்தனை பேரு ஏங்கிட்டுக் கிடக்கறாங்க, தெரியுமா உனக்கு?" என்றேன்.

அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் பார்வையை விலக்கினார்கள். அடுத்து வந்த ஒரு குடும்பம் சாவுக்குப் போகிறது என்றது. ஸ்ரீதரன் தடியைத் தூக்கினார். சண்முகத்தாய் ஓரமாக நின்று அதைப் பார்த்தாள்.

"சாவுன்னா விடுறீக" என்றாள். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. தெரிந்துகொண்ட மாதிரி சொன்னாள்.

மைக்கில் சொன்னது

தோட்டம் தோட்டமாகக் காலரா ஊசி முகாம் நடந்தது. ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்பதால் கர்ப்பிணிகளுக்குப் போட வேண்டாம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதை அப்படியே அறிவித்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஜீப்பில் கட்டிய மைக்கில் என் சொந்தச் சரக்கைச் சேர்த்தேன்: "கர்ப்பிணிப் பெண்கள் ஊசிக்கு வர வேண்டாம். வந்தால் கரு கலைந்துவிடும்." நல்ல பலன் இருந்தது. ஒரு கர்ப்பிணியும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊசி போடும் கோபி ஒருநாள் மதியம் என்னிடம் வந்தான். "சார், ஒரு பெண்ணு முந்தாநாள் மேல்டிவிஷனில் ஊசி எடுத்தா. நேத்து ஃபாக்டரிப் பக்கம் எடுத்தா. இன்னைக்குக் கீழ்டிவிஷனில் வேற பேரு சொல்லிக் கை நீட்டினா. போட்ட பிறகுதான் மற்றக் கையின் வீக்கத்தைப் பாத்தேன்."

யார் என்று அவன் அடையாளம் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்குப் போனேன். சண்முகத்தாய் சாக்கின் மேல் சுருண்டு கிடந்தாள். இரண்டு கைகளும் முழங்கை வரை வீங்கியிருந்தன. தொடாமலே சூடு தெரிந்தது. புருஷன் குருசாமி ஈரத்துணி நனைத்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கும்மா மூணு ஊசி போட்டே?"

"நீங்கதான மைக்குல சொன்னீக, போட்டா கலஞ்சுரும்னு."

குருசாமி சொன்னான்: "மூணு போட்டும் ஒண்ணையுங் காணலியே, நாலாவதும் போட்டுப் பாக்கட்டான்னு கேக்கா சார்."

"அந்த ஊசி அதுக்கில்லம்மா. அதுல கலையாது" என்று எப்படியோ சொன்னேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "அப்ப மைக்குல பொய்யா சொன்னீக?"

அன்று வரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆம் என்று சொன்னேன்.

தாசில்தாரிடம் போய், கூட்டத்தில் நான் சொன்னது தப்பு என்று சொல்லியிருந்தால் திட்டத்தையே திருத்தியிருக்கலாம். லீலாம்மா அதற்காகத்தான் தினம் என்னிடம் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு அதற்கு வாய் வரவில்லை. அதைவிடச் சுலபமாக ஒன்று தோன்றியது.

"காய்ச்சல் விட்டதும் கேட்டுக்கு வா. சாவுன்னு சொல்லு. நான் நிக்கறேன்."

"யாரு சாவுன்னு சொல்ல?"

"யாரையாவது சொல்லு."

இரண்டு நாளில் காய்ச்சல் தணிந்தது. அவள் வந்தாள். "யாராணு மரிச்சது?" என்று ஸ்ரீதரன் கேட்டார். அவள் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு, "எங்கம்மா" என்றாள். வரிசையில் நின்ற ஒரு பெண் 'உச்' கொட்டி அவள் தோளைத் தடவினாள். தடி உயர்ந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்ற நிம்மதியோடு நான் டீ குடிக்கப் போனேன்.

ஏலக்காய் ஸ்டோர்

அவள் நாள் தாண்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. அவள் அம்மாதான் கூட இருந்தார். இரண்டு நாள் கழித்து ஜீப்பில் ஏற்றிவிட்டார்.

அவள் திரும்பும் நாளில், அவளை ஸ்டோரில் வைக்காமல் வீட்டுக்கு விட, நான் கேட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. அன்றைக்குத்தான் மேலதிகாரிகள் திட்டத்தைப் பார்வையிட வந்தார்கள். சுவரில் மேப் மாட்டி விளக்கினேன். சாவுக்குப் போய் வருகிறவர்களைத் தனியே வைக்கும் ரூலை ஒருவர் தனியாகப் பாராட்டினார். "ஹூ டிராஃப்ட்டட் திஸ்?" என்று கேட்டார். தாசில்தார் என்னைக் காட்டினார்.

மறுநாள் காலையில்தான் ஸ்ரீதரனிடம் அவளைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தம்மாவா? சாவு வீட்டுக்குப் போனவங்கல்லே. ஸ்டோரில் உண்டு."

அவர்மேல் தப்பில்லை. நான் எழுதியதைத்தான் அவர் செய்தார். அவளும் கேட்டில் வாயைத் திறக்கவில்லை. சாவுக்குப் போகவில்லை என்று சொன்னால், பிறகு எங்கே போனாய் என்று கேட்பார்கள்.

ஸ்டோருக்குப் போனேன். உண்மையான சாவு வீடுகளிலிருந்து வந்த பத்துப் பன்னிரண்டு பேர் உள்ளே இருந்தார்கள். ஒரே தண்ணீர் டிரம், ஒரே கக்கூஸ் குழி. அதையும் திட்டத்தில் நான்தான் போதும் என்று எழுதியிருந்தேன். அவள் கதவருகே சுவரில் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

அவளை அப்போதே வெளியே எடுத்திருக்கலாம். ஏன் என்று அதிகாரிகள் கேட்பார்கள். அவர்கள் இன்னும் இரண்டு நாள் ஊரில் இருந்தார்கள். நான் வாசலில் நின்றபடியே மெல்லச் சொன்னேன்: "ரெண்டு நாள் பொறுத்துக்கோம்மா."

"சரி சார்" என்றாள்.

அவள் பக்கத்தில் படுத்திருந்த ஒரு பெண் பிற்பாடு என்னிடம் சொன்னது: "ஆத்தாவப் பறிகொடுத்துட்டு வந்துருக்காளேன்னு நாங்க எல்லாரும் அவளச் சுத்தி உக்காந்து அழுதோம் சார். அவளும் அழுதா. ஓயவே இல்ல."

அன்று இரவே ஸ்டோரில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. அடுத்து அவளுக்கு. லீலாம்மா சலைன் பாட்டிலோடு ஓடி வந்தார். ஏற்கெனவே ரத்தம் இழந்த உடம்பு. நரம்பு கிடைக்கவில்லை. விடிவதற்கு முன் முடிந்துவிட்டது. மற்றவர் பிழைத்துக்கொண்டார்.

லீலாம்மா கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "இவளை இங்கே யாரு வெச்சது?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஜீப்பில் ஏறிப் போனார்.

அம்மா

கீழே ஆள் அனுப்பியிருந்தோம். மதியம் ஒரு வயதான பெண் ஒற்றையாக நடந்து கேட்டுக்கு வந்தார்.

"எங்கோட்டு?" என்றார் ஸ்ரீதரன்.

"மேல தோட்டத்துக்கு. எம்மக செத்துட்டா."

"பேரு?"

"சண்முகத்தாய்."

ஸ்ரீதரனின் கை தடியில் அப்படியே நின்றது. சண்முகத்தாயின் அம்மா இறந்துவிட்டதாகக் கேட்டவர் அவர்தான். குழம்பிப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா அதைக் கவனித்துவிட்டார்.

"அந்த அம்மா நாந்தான்யா" என்றார். "எம்மா, உன்னக் கேட்டுல சாகடிச்சிட்டுத்தான் வந்தேன்னா. பொய்ச்சாவு சொன்னா ஆயுசு கூடும்டி, நல்லதாப் போச்சுன்னு ரெண்டு பேருஞ் சிரிச்சோம்." குறுக்கே கிடந்த தடியைப் பார்த்தார். "கூடிருச்சு."

நான் தடியைத் தூக்கினேன்.

அதற்குப் பிறகு

குருசாமியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவன் பிள்ளைகளை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கேட்டான். கடைசியில், "ரெண்டு நாளுன்னு சொன்னீகளாமே. அவ நம்பிட்டா" என்றான். அதற்குமேல் என்னை உட்காரச் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில், அதே மேஜையில், எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கோபத்தில் 'அவசரம் இல்லை' என்றது, மைக்கில் சொன்ன பொய், சாவு என்று சொல்ல வைத்தது, அதிகாரிகள் போகட்டும் என்று காத்திருந்தது. மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது மினிட்ஸில் வேண்டா" என்றார் தாசில்தார்.

"வேணும்" என்றார் லீலாம்மா.

மினிட்ஸில் ஏறவில்லை. ஆனால் திட்டத்தில் ஒரு வரி ஏறியது. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால் போதும், என்ன நோய் என்று கேட்டில் கேட்கக் கூடாது, திரும்பும்போது அவளை ஸ்டோரில் வைக்கக் கூடாது. கருக்கலைப்பு என்ற சொல்லே அதில் இல்லை. தாசில்தாரும் கையெழுத்துப் போட்டார். ஸ்டோரில் கொதிக்கவைத்த தண்ணீரும் தனித்தனிக் குழிகளும் வந்தன. நான் மாற்றல் கேட்டேன். கிடைக்கவில்லை.

கருக்கலைப்பு சரியா தப்பா என்று அதற்குப் பிறகும் பலர் என் எதிரில் வாதாடியிருக்கிறார்கள். என் மனத்திலும் அது முழுதாகத் தீரவில்லை. ஆனால் அந்த வாதத்தைத் தீர்க்கிற இடம் கேட் இல்லை, தீர்க்கிற ஆள் நானும் இல்லை. திட்டம் எழுதுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: வரிசையில் நிற்கும் ஒருவர் பத்துப் பேர் முன்னால் சொல்ல முடியாத காரணம் எது என்று முதலில் யோசியுங்கள். அதை யோசிக்காத திட்டம், பொய் சொல்கிறவர்களுக்கு மட்டும்தான் வழிவிடும். அந்தப் பொய் அவர்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது எழுதியவனுக்கும் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து மறுபடியும் கீழே காலரா பயம் வந்து கேட்டை மூடினார்கள். இந்த முறை மைக்கில் உண்மையை மட்டும் சொன்னேன். பெண்கள் ஆஸ்பத்திரி என்று சொன்னால் போதும், வேறெதுவும் கேட்க மாட்டோம் என்று ஒவ்வொரு லயத்தின் முன்னாலும் நின்று சொன்னேன்.

மூன்றாம் நாள் ஒரு பெண் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. மடித்த சீட்டு ஒன்று அவள் உள்ளங்கையில் இருந்தது. அவள் பேசுவதற்கு முன்பே நான், "ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, போதும்" என்றேன்.

அவள் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் பேச்சை அவள் நம்பவில்லை.

"சாவுக்குப் போறேன் சார்" என்றாள்.

தடியைத் தூக்கினேன். யார் சாவு என்று கேட்கவில்லை. ஸ்ரீதரனையும் கேட்க விடவில்லை. அவள் கீழே போய்த் திரும்பி ஏறி வரும்வரை, எந்த அதிகாரி கூப்பிட்டும் நான் அந்தக் கேட்டைவிட்டு நகரவில்லை.